குமரி வெயிலில் தோலின் கொலாஜனைக் காக்கும் முறை

முன்கையின் வெளிப்புறத் தோலையும், அக்குளுக்குச் சற்றுக் கீழே மேற்கையின் உட்புறத் தோலையும் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வயது ஒன்றே. இரண்டும் ஒரே உணவில் வளர்ந்தவை. ஆயினும் நாற்பதைக் கடந்த ஒருவருக்கு, அதிலும் குளச்சலில் வலை இழுப்பவருக்கோ தோவாளையில் பூப்பறிப்பவருக்கோ, வெளிப்புறத் தோல் கருத்தும் சொரசொரத்தும் மெல்லிய கோடுகள் விழுந்தும் இருக்கும். உட்புறத் தோல் பெரும்பாலும் இளமை மாறாமல் இருக்கும். இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு வெயிலால் வந்தது. தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனுக்காக எதை வாங்கலாம், எதை உண்ணலாம் என்று கேட்பவர்கள் முதலில் இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது. உள்ள கொலாஜன் சிதையாமல் காப்பது முதல் வேலை. புதிது உண்டாவதற்கு வேண்டிய பொருளை உணவின் வழியே கொடுப்பது இரண்டாவது. விலை கொடுத்து வாங்கும் தூளும் மாத்திரையும் இவற்றுக்குப் பிறகே வர வேண்டும்.

கொலாஜன் நம் உடலில் மிகுதியாக உள்ள புரதம். மேல்தோலுக்குக் கீழே இருக்கும் உள்தோலில், நீரை நீக்கிய எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதுவே. புரிகளை முறுக்கிக் கயிறு திரிப்பதுபோல மூன்று அமினோ அமிலச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஒரு கொலாஜன் மூலக்கூறு உருவாகிறது. இந்த முப்புரி அமைப்பை 1954ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தனர். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் இருப்பதால்தான் மூன்று சங்கிலிகளும் இவ்வளவு நெருக்கமாக இணைய முடிகிறது. அந்தப் பிணைப்பு உறுதியாக நிற்க வேண்டுமானால் சங்கிலியில் உள்ள புரோலின் என்னும் அமினோ அமிலம் ஹைட்ராக்சிபுரோலினாக மாற வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி இன்றியமையாதது. பழைய கப்பல் பயணங்களில் பழமும் காயும் இன்றி மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு ஈறு கசிந்து, ஆறிய புண்ணும் திறந்துகொண்ட ஸ்கர்வி நோய், இந்தப் பிணைப்பு குலைவதன் விளைவே ஆகும்.

இளமைப் பருவம் முடிந்தபின் தோலின் கொலாஜன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு வீதம் குறைந்துகொண்டே வருகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் 30 விழுக்காடு வரை குறையக்கூடும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஐம்பதை ஒட்டிய வயதில் தோல் திடீரெனத் தளர்ந்துவிட்டதாகப் பல பெண்கள் சொல்வதற்கு இதுவே காரணம். அவர்கள் பூசிய சோப்பையோ எண்ணெயையோ குறை சொல்வதற்கில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொலாஜன் தருவது தோலின் உறுதியையும் திண்மையையும். முகத்தின் பளபளப்பு பெரும்பாலும் மேல்தோலின் வெளியடுக்கில் எவ்வளவு ஈரம் நிற்கிறது, அந்தப் பரப்பு எவ்வளவு வழவழப்பாக ஒளியைத் திருப்புகிறது என்பதைப் பொறுத்தது. குளித்த ஈரம் முற்றிலும் உலர்வதற்குள் ஒரு நல்ல ஈரப்பதக் களிம்பைத் தடவினால், ஒரு வாரத்திற்குள் முகம் தெளிவாகத் தோன்றும். கொலாஜனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கொலாஜன் தொடர்பான எந்த மாற்றத்திற்கும் குறைந்தது மூன்று மாதமாவது பொறுத்திருக்க வேண்டும். ஏழு நாளில் கொலாஜன் கூடிவிடும் என்னும் விளம்பரங்கள் இந்த இரண்டையும் குழப்பித்தான் பிழைக்கின்றன.

வெயிலைத் தடுத்தல்

கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் இறுதியை ஒட்டி ஒருமுறையும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது. மற்ற மாதங்களிலும் அது நெடுந்தொலைவு விலகிப் போவதில்லை. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்களில் ‘ஏ’ வகை, மேல்தோலைக் கடந்து உள்தோல் வரை சென்று, கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. இந்த வகைக் கதிர் காலையிலும் மாலையிலும் உண்டு. சாதாரணக் கண்ணாடியையும் கடந்து வரும். ஆகவே நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டத்திற்கு நாள்தோறும் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து செல்பவருக்கும் இது பொருந்தும். மழைக்கால மேகம் காப்பாற்றும் என்பதும் முழு உண்மை ஆகாது. மெல்லிய மேகமாக இருந்தால் புறஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை கடந்து வரலாம். இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் வானம் மூடியிருக்கும் நாள்கள் மிகுதி என்பதால் இதை நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது. கடற்கரையில் உலர்ந்த மணலும் அலை நுரையும் கதிரைத் திருப்பி வீசுவதால், குடைக்குக் கீழே நின்றாலும் முகத்தின் அடிப்பகுதியில் வெயில் படும்.

எளிய கணக்கு ஒன்று உண்டு. தன் நிழல் தன் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் நேரமெல்லாம் வெயில் கடுமையானது என்று கொள்ளலாம். நம் ஊரில் ஏறத்தாழ காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை அப்படித்தான் இருக்கும். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்கள் விடியற்காலையிலேயே பெரும்பகுதி வேலையை முடித்துவிடுவதாலும், மரங்களின் நிழலில் நிற்பதாலும் ஓரளவு தப்பித்துவிடுகிறார்கள். உப்பளத்தில் நிற்பவர்களுக்கும் கடலுக்குப் போகிறவர்களுக்கும் அந்த வசதி இல்லை. அவர்களுக்குப் பூச்சைவிடத் துணியே முதல் காப்பு: நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, கழுத்தின் பின்புறத்தையும் மறைக்கும் துண்டு, அகன்ற விளிம்புள்ள தொப்பி. வியர்வையில் கரைந்தோடாத காப்பு அது, செலவும் குறைவு.

சன்ஸ்கிரீன் வாங்குவோர் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேலும், பி.ஏ. என்னும் குறியீட்டுக்குப் பின் குறைந்தது மூன்று கூட்டல் குறியும் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவது பெரும்பாலும், தோலை எரிக்கும் ‘பி’ வகைப் புறஊதாக் கதிருக்கான அளவீடு. கொலாஜனைச் சிதைக்கும் ‘ஏ’ வகைக்கு இரண்டாவதையே பார்க்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் நீளத்திற்குப் பிதுக்கி எடுத்துப் பூசுவது சரியான அளவு. பயறளவு எடுத்து முகம் முழுவதும் தேய்ப்பவர்களுக்கு அட்டையில் எழுதிய பலனில் சிறு பகுதியே கிட்டும். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையும், வியர்த்துத் துடைத்த பிறகும் மீண்டும் பூச வேண்டும். ஆஸ்திரேலியாவின் நாம்போர் நகரில் 55 வயதுக்கு உட்பட்டவர்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், நான்கரை ஆண்டுகள் நாள்தோறும் பூசியவர்களின் தோல் முதுமை, விருப்பம்போல் பூசியவர்களைவிட 24 விழுக்காடு குறைவாக இருந்தது. கொலாஜனுக்கென்று விற்கப்படும் எந்தத் தூளுக்கும் இவ்வளவு நீண்ட காலச் சான்று இருப்பதாக நான் அறியவில்லை.

நம் தோலில் மெலனின் என்னும் நிறமி மிகுதியாக இருப்பதால் வெள்ளையரைவிடச் சுருக்கம் தாமதமாகவே விழும். அதற்குப் பதிலாகக் கரும்படலமும், மங்கு எனப்படும் முகக் கருந்திட்டும் முன்னதாகவே வருகின்றன. மங்கு உள்ளவர்கள், இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீனை வாங்குவது நல்லது; கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கை மிகுவிக்கக்கூடியது என்பதே காரணம். தேங்காய் எண்ணெயைப் பொறுத்தவரை, வறண்ட கை கால்களுக்கு இரவில் தடவ அது மிக நல்ல பொருள். ஆனால் வெயிலைத் தடுக்கும் ஆற்றல் அதற்குச் சொற்பமே. முகப்பரு வரும் முகத்தில் அதைப் பூசாமல் இருப்பதே மேல்.

உண்ண வேண்டியவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவின்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் வீதம் நாள்தோறும் புரதம் வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது 50 கிராம். நம் மாவட்டத்து உணவில் இடறும் இடம் மரச்சீனி என்னும் மரவள்ளிக்கிழங்கு. அவித்த மரச்சீனியில் 100 கிராமுக்கு ஒன்று ஒன்றரை கிராம் புரதமே இருப்பதால், தட்டு நிறைய மரச்சீனியும் ஒப்புக்கு ஒரு மீன் துண்டும் உண்பவர் வயிறு நிறைந்தும் புரதம் குறைந்தவராகவே எழுந்திருக்கிறார். மரச்சீனியின் அளவைக் குறைத்துச் சாளை (மத்தி) மீனையோ அயிலை (கானாங்கெளுத்தி) மீனையோ கூட்டிக்கொண்டால் கணக்கு மாறிவிடும். 100 கிராம் சாளையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. தோலோடு உண்ணப்படும் சாளையிலும், முள்ளோடு மென்று தின்னப்படும் நெத்தோலியிலும் கொலாஜனும் ஓரளவு சேர்ந்தே கிடைக்கிறது. கடையில் மீன் கொலாஜன் என்று விற்கப்படுவது மீனின் தோலிலிருந்தும் செதிலிலிருந்தும் எடுக்கப்படுவதுதான்.

ஆயினும் உண்ணும் கொலாஜன் அப்படியே கன்னத்திற்குப் போய்ச் சேர்வதில்லை. குடலில் அது அமினோ அமிலங்களாகவும் அவற்றின் சிறு தொடர்களான பெப்டைடுகளாகவும் உடைந்து, உடல் எங்கே வேண்டுமென்று கருதுகிறதோ அங்கே செல்கிறது. ஆட்டுக்கால் சூப் குடித்தால் தோல் இறுகும் என்பதை இந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். புரதம் உள்ள நல்ல சூப் அது, அவ்வளவே. மீனும் இறைச்சியும் உண்ணாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கொலாஜனுக்கு வேண்டிய கிளைசினையும் புரோலினையும் உடல் தானே தயாரித்துக்கொள்ளும். கஞ்சியோடு சேரும் சிறுபயறு, முட்டை, பால், தயிர், கடலை ஆகியவற்றிலிருந்து மொத்தப் புரதம் போதிய அளவு கிடைத்தால் சரி. சிறுபயறில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு.

வைட்டமின் சி நாள்தோறும் ஆண்களுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65 மில்லிகிராம் தேவை. நடுத்தர அளவுள்ள கொய்யாப்பழம் ஒன்று இதைத் தாராளமாக நிறைவு செய்யும். பெரிய நெல்லிக்காயும் அப்படியே. நம் ஊரில் அண்டியை (முந்திரிக்கொட்டையை)த் திருகி எடுத்துவிட்டு மரத்தடியில் அழுகவிடும் கொல்லாம்பழத்தில் (முந்திரிப்பழத்தில்) ஆரஞ்சுப் பழத்தைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. அதன் தொண்டைக் கரகரப்புக்குக் காரணமான துவர்ப்பு, நறுக்கி உப்பு நீரில் சிறிது நேரம் போட்டு வைத்தால் குறையும். வைட்டமின் சி வெப்பத்தில் சிதைவது என்பதால் முருங்கைக்கீரைத் துவரனை மட்டும் நம்பியிருக்காமல் நாளுக்கு ஒரு பழமாவது பச்சையாக உண்ண வேண்டும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும். கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதிக்குச் செம்புச் சத்து தேவை. அது அண்டிப்பருப்பில் நிறைய உண்டு, நாளுக்குச் சில பருப்பு போதும். சீனி மிகுந்தால் அது கொலாஜன் இழைகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை விறைக்கச் செய்கிறது. நீரிழிவு உள்ளவர்களின் தோல் விரைவில் முதிர்வதற்கு இதுவும் ஒரு காரணமாதலால், சாயாவில் சீனியைக் குறைப்பதைத் தோல் பராமரிப்பாகவும் கொள்ளலாம். புகைபிடிப்பது வெயிலைப் போலவே கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டுகிறது.

வாங்குவதானால்

கொலாஜன் கிரீம் வாங்க வேண்டியதில்லை. கொலாஜன் மூலக்கூறு தோலின் வழியே நுழைய முடியாத அளவுக்குப் பெரியது; அது மேலே படிந்து ஈரம் காக்கும், அதை மலிவான களிம்பும் செய்யும். குடிக்கும் கொலாஜன் பெப்டைடு பற்றிய ஆய்வுகளில் நாள்தோறும் இரண்டரை முதல் 10 கிராம் வரை எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் கொடுத்தபோது தோலின் ஈரமும் மீள்தன்மையும் சற்று உயர்ந்ததாகப் பல முடிவுகள் வந்துள்ளன. ஆனால் அவற்றில் மிகுதியானவை உற்பத்தியாளர்களின் பணத்தில் நடந்தவை. அவர்களின் நிதி பெறாத ஆய்வுகளைத் தனியே எடுத்துப் பார்த்தால் பலன் தெளிவாகத் தெரிவதில்லை. வீட்டுச் செலவு இறுக்கமாக உள்ளவர்கள் அந்தப் பணத்தை மீனுக்கும் பழத்திற்கும் செலவிடட்டும் என்பதே என் கருத்து.

வாங்கியே தீருவதென்றால் அட்டையில் ஹைட்ரலைஸ்டு கொலாஜன் அல்லது கொலாஜன் பெப்டைடு என்று இருக்கிறதா, ஒரு நாள் அளவில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறதா, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உரிமத்தின் 14 இலக்க எண் உள்ளதா என்று பார்க்க வேண்டும். மிட்டாய் வடிவில் வருபவற்றில் கொலாஜனைவிடச் சீனி கூடுதலாக இருக்கலாம். பச்சை நிறச் சைவக் குறியிட்ட பொருளில் உண்மையான கொலாஜன் இருக்க வழியில்லை. அது மாடு, மீன், கோழி போன்ற விலங்குகளிலிருந்து எடுக்கப்படுவது. சைவக் கொலாஜன் என்ற பெயரில் பெரும்பாலும் வைட்டமின் சியும் தாவரச் சாறுகளுமே விற்கப்படுகின்றன. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் மீன் கொலாஜனைத் தொடக்கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. கொலாஜனில் டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம் இல்லாததால் அதை வேளை உணவின் புரதத்திற்கு மாற்றாகக் கொள்ளலாகாது.

தோலில் பூசிக் கொலாஜனைக் கூட்டுவதற்கு நெடுநாளாக நிறுவப்பட்ட மருந்து டிரெட்டினாயின். மருத்துவர் எழுதிக்கொடுத்தால், இரவில் பயறளவு எடுத்து, வாரத்திற்கு இரண்டு நாள் என்று தொடங்கி மெல்ல மெல்ல நாள்களைக் கூட்ட வேண்டும். முதல் சில வாரங்கள் தோல் உரிந்து எரிச்சல் தரும். பகலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் அதைப் பயன்படுத்தவே கூடாது. கருவுற்றிருக்கும்போதும் கருவுறத் திட்டமிடும்போதும் தவிர்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறானது, முகம் வெளுக்க என்று மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பீட்டாமெத்தசோன், குளோபிட்டாசால், மொமெட்டசோன் போன்ற பெயர்கள் குழாயின் மீது சிறிய எழுத்தில் இருக்கும். இவை கொலாஜன் உற்பத்தியையே அடக்கி, மாதக்கணக்கில் பூசியவரின் தோலைத் தாள்போல் மெலியச் செய்து, இரத்த நாளங்கள் வெளியே தெரியும்படி விட்டுவிடுகின்றன. 2018இல் இத்தகைய களிம்புகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஏற்கெனவே பூசி வருபவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் முகம் சிவந்து பருக்கள் பொங்கும் என்பதால், அந்தக் குழாயையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிற்கோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ சென்று, எவ்வளவு காலம், ஒரு நாளில் எத்தனை முறை பூசினோம் என்பதை மறைக்காமல் சொல்லி, எப்படிக் குறைப்பது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.