காயைக் கண்டால் ஓடும் பிள்ளைக்குக் கூட்டாஞ்சோறு

என் மகளுக்கு இரண்டேகால் வயதாக இருக்கும்போது ஒருநாள் அவள் கன்னத்தை அழுத்திப் பிடித்து, ஒரு கரண்டி பீட்ரூட் பொரியலை வாய்க்குள் திணித்தேன். அத்தனையும் வாந்தியாக வந்தது. அதன்பிறகு ஐந்து மாதம், சிவப்பாக எது தட்டில் விழுந்தாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். தக்காளி ரசத்துக்குக்கூட. அந்தப் பயத்தை உண்டாக்கியது நான். அதைப் போக்க வீட்டில் என்னென்ன செய்தோம் என்பதை, இதே பாடு படுகிற அம்மா அப்பாக்களுக்காக எழுதுகிறேன்.

ஆறு மாதத்தில் மசித்த கேரட்டையும் பூசணியையும் சப்புக்கொட்டிச் சாப்பிட்ட பிள்ளை, இரண்டு வயதை ஒட்டித் திடீரென்று எல்லாவற்றையும் ஒதுக்கும். அது அடம் இல்லை. பழகாத உணவைக் கண்டு தயங்குவது அந்த வயதின் இயல்பு. இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள்தான் அது கடுமையாக இருக்கும். கசப்பும் பிள்ளைகளுக்கு நம்மைவிடக் கூடுதலாக உறைக்கும். ஒரே காயை எட்டு, பத்து முறை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து முறைகூடக் காட்டிய பிறகுதான் பிடிக்க ஆரம்பிக்கும். நாமோ மூன்றாம் முறையிலேயே "இவளுக்கு இது ஆகாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதனால் சமையலறைக் காலண்டரில் குறித்துவைக்க ஆரம்பித்தேன்: இன்று அவரைக்காய், நான்காவது முறை.

அதற்கு முன்னால் பசி வேண்டும். பதினொரு மணிக்கு ஒரு தம்ளர் பால், கூடவே பிஸ்கட் என்று கொடுத்துவிட்டு, ஒரு மணிக்குக் காய் சாப்பிடு என்றால் எப்படிச் சாப்பிடும்? ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு நாளுக்கு 400, மிஞ்சினால் 500 மில்லி பால் போதும். அதற்கு மேல் போனால் சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும். பதினொரு மணிப் பாலை நிறுத்தின வாரத்திலேயே மதியச் சாப்பாட்டில் வித்தியாசம் தெரிந்தது.

தட்டில் பிடித்தது இரண்டு, புதுசு ஒன்று. புதுசு கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான். "ஒரு வாய் சாப்பிடேன்" என்ற கெஞ்சல் வேண்டாம். சாப்பிட்டால் சாக்லேட் என்ற பேரமும் வேண்டாம். அது சாக்லேட்டை உயர்த்தி, காயைத் தண்டனை ஆக்கிவிடும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அதே காயைச் சாப்பிடுவேன். செல்போன் வேறு அறையில். அரைமணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுவேன், மிச்சம் இருந்தாலும் திட்டுவதில்லை. எதை, எப்போது வைப்பது என்பது என் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவள் இஷ்டம். இதை விட்டுக்கொடுக்கத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆனது.

இனிப்புள்ள காயிலிருந்து தொடங்குங்கள்: சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளி), தேங்காய் போட்ட மஞ்சள் பூசணி. வெண்டைக்காயின் கொழகொழப்பு பல பிள்ளைகளுக்கு ஆகாது. கழுவி, ஈரம் போகத் துடைத்து நறுக்கி, மூடாமல் முறுக வதக்குங்கள். வெந்தயக்கீரையும் பாகற்காயும் கடைசியில் வரட்டும்.

எங்கள் வீட்டில் கதவைத் திறந்துவிட்டது அத்தைதான். "ஏளா, அவ கையில ஒரு காயைக் குடு. தொட்டு மோந்து பாக்கட்டும். வாயில வைக்கதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். அன்றிலிருந்து ஞாயிறு காலை திருநெல்வேலி மகாராஜநகர் உழவர் சந்தைக்கு அவளையும் கூட்டிப்போகிறோம். ஒரு காய் அவள் தேர்ந்தெடுப்பது. வீட்டுக்கு வந்ததும் முருங்கைக்கீரை உருவுவது, சீனியவரைக்காயை (கொத்தவரங்காயை) ஒடிப்பது அவள் வேலை. பொங்கல் சமயத்தில் சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தரையில் தேய்த்துத் தோல் எடுத்தோம். மண்ணும் தண்ணீருமாக அவளுக்கு அன்று திருவிழா. வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை வெட்டி, பீட்ரூட் சாற்றில் தோய்த்துத் தாளில் பூப்பூவாக அச்சு வைத்தாள். பீட்ரூட்டை அவள் மறுபடி தொட்டது அன்றுதான்.

பிறகு கூட்டாஞ்சோறு. அந்தக் காலத்தில் தெருப் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு அரிசியும் காயும் கொண்டுவந்து ஒன்றாகப் பொங்கித் தின்ற விளையாட்டை அத்தை சொன்னார்கள். அதையே செய்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், ஆளுக்கொரு காயோடு வந்தார்கள். ஒரு தம்ளர் அரிசி, அரைத் தம்ளர் துவரம்பருப்பு. கத்தரிக்காய், வாழைக்காய், சீனியவரை, கொஞ்சம் மாங்காய், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு அரைத்த விழுது. பிள்ளைகளுக்கென்பதால் மிளகாய் வற்றல் ஒன்றே ஒன்று. காயைப் பானையில் போட்டது அவர்கள் கைதான். அடுப்பு பற்றவைத்தது அதற்குப் பிறகு. குழைய வெந்து இறக்கியதும் நல்லெண்ணெய். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர மேலே ரெண்டு சொட்டு எலுமிச்சை. "நான் போட்ட கத்தரிக்கா எங்க?" என்று தேடித் தேடித் தின்றாள்.

காயை அரைத்துத் தோசை மாவில் கலப்பதை நான் தப்பென்று சொல்லமாட்டேன், நானும் செய்கிறேன். ஆனால் ஒளித்துக் கொடுத்த காய் பழகாது. முழுசாகவும் அது கண்ணில் பட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நான்கைந்து வயதுக்குக் கீழே பச்சைக் கேரட் துண்டு, முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கேரட்டை வேகவையுங்கள், திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். எடை ஏறாமல் நின்றாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, சாப்பிடும் பொருள்கள் மொத்தமே பத்து, பதினைந்துக்குள் சுருங்கினாலோ, காலண்டரை நம்பிக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது அவளுக்கு மூன்றேமுக்கால் வயது. பீட்ரூட் சாப்பிடுகிறாள். பாகற்காய் போன வியாழக்கிழமை பதினொன்றாவது முறை. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்து என் தட்டில் வைத்தாள்.