ராஜியானால் கேஸ் முடிந்ததா? சத்துவாச்சாரி கோர்ட்டில் அடிக்கடி பார்க்கும் தவறுகள்

காலை பத்தரை மணி. வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் டவாலி (கோர்ட் சேவகர்) ஒரு பெயரை மூன்று முறை கூப்பிடுகிறார். பதில் இல்லை. பெயருக்கு உரியவர் அந்நேரம் அணைக்கட்டுப் பக்கம் நிலத்தில் மடை திருப்பிக்கொண்டிருப்பார். கேட்டால், "ஸ்டேஷன்லயே ராஜியாகிட்டோமே சார், கேஸ்தான் முடிஞ்சுதே" என்பார். சாயங்காலத்துக்குள் அவர் பேரில் பிடிவாரண்ட் உத்தரவாகியிருக்கும். வக்கீல் குமாஸ்தாவாக இருந்து இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை.

ஸ்டேஷனில் உங்கள் கைக்கு வந்தது எந்தக் காகிதம் என்று முதலில் பாருங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதான வெறும் சி.எஸ்.ஆர். என்றால், இரண்டு தரப்பும் எழுதிக் கொடுத்ததோடு பெரும்பாலும் முடிந்துவிடும். எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது என்றால் அது மாஜிஸ்திரேட் மேசைக்குப் போன விஷயம். ஊர்ப் பெரியவர்களோ இன்ஸ்பெக்டரோ அதை முடித்துவைக்க முடியாது.

வரப்புத் தகராறு எஃப்.ஐ.ஆரில் வழக்கமாக மூன்று பிரிவுகள் சேர்ந்தே வரும்: அசிங்கமாகத் திட்டியது, கையால் அடித்தது, கொலை மிரட்டல். பழைய இ.பி.கோ.வில் 294(பி), 323, 506(2). 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவம் என்றால் இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தில் 296(பி), 115(2), 351(3). இதில் வேடிக்கை என்னவென்றால், அடி வாங்கியவர் கோர்ட்டுக்கு வந்து அடித்ததை மன்னிக்கலாம், அந்த ராஜி விடுதலைக்குச் சமம். ஆனால் பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது ராஜி செய்யத்தக்க குற்றங்களின் பட்டியலிலேயே இல்லை. அறைந்தது போய்விடும், திட்டியது நிற்கும்! அதற்கு விசாரணை நடத்தி முடிக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு தரப்பும் சென்னை உயர் நீதிமன்றத்தில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 528-ன்படி வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும்.

அடுத்த தவறு அடுக்கம்பாறையில் நடக்கிறது. அடிபட்டவர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டர், "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்போமே, அதுதான். அதில், "தெரிந்த இரண்டு பேர் கையால் தாக்கியதாகச் சொல்கிறார்" என்று ஒரே வரி இருக்கும். சில மணி நேரம் கழித்துப் பதிவாகும் எஃப்.ஐ.ஆரில் அந்த இரண்டு பேர் ஐந்தாகி, கையில் தடி முளைத்திருக்கும். எங்கள் வக்கீல் கேஸ் கட்டைப் பிரித்ததும் தேடுவது இந்த ஒரு வரியைத்தான். அப்புறம் எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சேர்ந்த நேரம். அதை அவர் தன் கையால் குறித்திருப்பார். ராத்திரி எட்டு மணிக்குப் பதிவானது மறுநாள் மாலைதான் வந்தது என்றால், நடுவில் என்ன நடந்தது என்று குறுக்கு விசாரணையில் கேட்க இடம் கிடைக்கிறது.

ஆனால் அடித்ததாகப் புகாரில் பெயர் வந்த நம் ஆளுக்கும் உதடு கிழிந்திருக்கும். "நானும் போனா என்னையும் பிடிச்சுப்பாங்களோ" என்று பயந்து மெடிக்கல் ஷாப்பில் மருந்து வாங்கித் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஆறு மாதம் கழித்து, "எனக்கும்தான் அடி" என்றால் காட்ட என்ன இருக்கிறது? அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் அவரும் புகார் கொடுத்திருந்தால் அது எதிர்வழக்கு. ஒரே சம்பவத்தின் இரண்டு வழக்குகளையும் ஒரே அதிகாரி விசாரித்து, ஒரே நீதிபதி அடுத்தடுத்துக் கேட்க வேண்டும் என்பது முறை. முதலில் அடித்தது யார் என்ற கேள்வி அப்போதுதான் நேராக எழும்.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பாதிதான் சரி. "கத்தியை அந்தப் புதரில் போட்டேன்" என்று சொல்லி, அங்கே கத்தி கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். எதுவும் எழுதாத தாளில் கையெழுத்துப் போடுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

ரிமாண்ட் ஆகித் தொரப்பாடி ஜெயிலுக்குப் போனவர்களின் வீட்டார், ஜாமீன் மனு ஒருமுறை தள்ளுபடியானால் சோர்ந்துவிடுகிறார்கள். காலண்டரை எடுத்து நாளை எண்ணுங்கள். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து 60 நாளைக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். பத்து வருடமோ அதற்கு மேலோ, ஆயுளோ, தூக்கோ தண்டனையாக வரக்கூடிய குற்றம் என்றால் 90 நாள். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். 61-ஆம் நாள் காலையில் மனு தயாராக இல்லாமல், மதியம் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போச்சு. உத்தரவு கிடைத்த பிறகு ஜாமீன்தாரரைத் தேடி அலைவது இன்னொரு கூத்து. ஆதார், வீட்டுவரி ரசீதோடு இரண்டு பேரை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள், 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

எனக்கு அதிகம் வலிப்பது சின்னக் கேஸ்தான். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போய்டு தம்பி, எதுக்கு வாய்தா வாய்தான்னு அலையறே" என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொண்டு ஐந்நூறோ ஆயிரமோ கட்டினால் அது தண்டனை, அவன் பெயரில் பதிவாகிவிடும். கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போகிறார்கள். அதைப் பார்த்து வளரும் சுற்றுவட்டாரப் பையன்களும் ராணுவம், போலீஸ் என்றுதான் ஓட்டப் பயிற்சி எடுக்கிறார்கள். ஓட்டத்திலும் எழுத்துத் தேர்விலும் ஜெயித்தவன் போலீஸ் வெரிஃபிகேஷனில் விழுகிறான். காவலர் தேர்வில் சந்தேகத்தின் பலனில் கிடைத்த விடுதலையைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அவனே ஒத்துக்கொண்டதை எந்த வக்கீல் என்ன சொல்லி மாற்றுவார்?

மடை திருப்பப் போனவருக்கு வருவோம். வர முடியாத நாளென்றால் பெயர் கூப்பிடுவதற்கு முன் வக்கீல் மூலம் ஆஜர் விலக்கு மனு போட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து, பழைய வழக்கத்தில் இன்னும் அதை 317 மனு என்றே சொல்கிறோம். வாரண்ட் ஆகிவிட்டது என்று தெரிந்தால் ஓடி ஒளியாமல் நேரில் வந்து, வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனு போடுங்கள். அன்றே வந்தவரை மாஜிஸ்திரேட் பார்ப்பதும், போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தவரைப் பார்ப்பதும் வேறு வேறு. கேஸ் நம்பரை ஈ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும். செல்போன் பார்க்கத் தெரியாதவர்கள் குமாஸ்தாவுக்குப் போன் போடலாம், பத்தரைக்கு முன்னால்.