‘ராக்கெட்’ நீராவி ரயில் எஞ்சினின் இழுவிசையைக் கணக்கிடும் முறை

1829 அக்டோபரில் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த ரயில் எஞ்சின் போட்டியில் வென்ற ‘ராக்கெட்’ என்னும் நீராவி எஞ்சினின் இழுவிசையை மதிப்பிட, முதலில் நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: உருளையின் விட்டம் 8 அங்குலம், பிஸ்டன் நகரும் தொலைவு 17 அங்குலம், கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு, இயக்குசக்கரத்தின் விட்டம் 56.5 அங்குலம்.

விட்டத்தின் வர்க்கமான 64-ஐ 17-ஆலும், பிறகு 50-ஆலும் பெருக்கி, வரும் 54,400-ஐ 56.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 963 கிடைக்கும். சக்கரம் ஒருமுறை சுழலும்போது இரண்டு உருளைகளும் மொத்தம் நான்கு முறை நீராவியால் நிரம்புவதால், வட்டப் பரப்பிலும் சக்கரச் சுற்றளவிலும் வரும் பை என்னும் எண் நீங்கி, கணக்கு இவ்வளவு எளிதாகிறது. இந்த அழகை நின்று ரசிக்கலாம். குழாய்களில் அழுத்தம் குறைவதைக் கருதி 0.85-ஆல் பெருக்க, இழுவிசை சுமார் 818 பவுண்டு.

ஆனால் இது புறப்படும் வேளைக்கு உரிய விசை மட்டுமே. வேகம் கூடும்போது கொதிகலன் எவ்வளவு விரைவாக நீராவி தருகிறது என்பதே எல்லையாகிறது. ஆகவே ரயில்வே நிறுவனச் செயலாளர் ஹென்றி பூத்தின் யோசனைப்படி, நெருப்பின் சூடான வாயுவைக் கொதிகலன் நீரின் ஊடே கொண்டுசெல்ல அமைந்த 25 செப்புக் குழாய்களையும், உருளையிலிருந்து வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்குள் செலுத்தி நெருப்புக்குக் காற்றை இழுக்கும் அமைப்பையும் அவசியம் ஆராயுங்கள். போட்டியில் அது மணிக்கு ஏறத்தாழ 29 மைல் வேகத்தை எட்டியதற்கு இவையே முதன்மைக் காரணங்கள் என்பது என் உறுதியான கருத்து. சாய்வாகப் பொருத்தப்பட்ட உருளைகள் வேகத்தில் எஞ்சினை ஆட்டியதால், பின்னர் அவை கிட்டத்தட்டக் கிடைமட்டமாகத் தாழ்த்தப்பட்டன.