'யார் சொன்னது?' என்று கேட்டே சரி செய்தேன்

ஆங்கிலத்தில் ரிப்போர்ட்டோ கட்டுரையோ எழுத உட்கார்ந்தால் 'ஸ்டடீஸ் ஷோ', 'இட் இஸ் வெல் நோன்', 'ஆப்வியஸ்லி' எல்லாம் தானாக வந்து விழும். படிக்கக் கம்பீரமாகத்தான் இருக்கும், ஆனால் எந்த ஆய்வு என்று கேட்டால் பதில் இருக்காது. விக்கிப்பீடியாவில் இப்படி எழுதினால் 'சான்று தேவை' என்று குறி போட்டுவிடுவார்கள். அதையே என் வரைவுக்கும் செய்ய ஆரம்பித்தேன்.

எழுதி முடித்ததும் இந்தச் சொற்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'யார் சொன்னது?' என்று கமெண்ட் போடுவேன். மூலம் கிடைத்தால் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் பாணி) முறைப்படி ஆசிரியரின் குடும்பப் பெயரும் ஆண்டும் சேரும், அதுவும் நானே படித்த மூலமாக இருந்தால்தான். இன்னொருவர் கட்டுரையில் பார்த்த மேற்கோளை நேரே படித்ததுபோல் போடுவது தனி வில்லங்கம்.

அப்புறம் வாக்கியத்தின் சுருதியைக் குறைப்பது. 'சோஷியல் மீடியா காசஸ் டிப்ரஷன்' என்று ஒரு வரி. கையில் இருந்த ஆய்வு இரண்டுக்கும் தொடர்பு இருப்பதை மட்டும்தான் காட்டியது, எது எதற்குக் காரணம் என்று சொல்லவே இல்லை, அதனால் 'இஸ் அசோசியேட்டட் வித்' என்று மாற்றினேன். 'ப்ரூவ்ஸ்' பல இடங்களில் 'சஜஸ்ட்ஸ்' ஆனது.

அதற்காக வரிக்கு வரி 'மே', 'பாஸிப்ளி' என்று தூவினாலும் எரிச்சல்தான். கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பதற்கெல்லாம் யாரும் சான்று கேட்கப் போவதில்லை.

மூலமும் கிடைக்காமல், சுருதி குறைத்தும் சரிப்படாத வரியை அழித்துவிடுகிறேன். பெரும்பாலும் பத்திக்கு ஒன்றும் ஆவதில்லை.