முதுகுப் பக்கமும் கிட்டார்: ராக் ஆல்பங்களை 5.1-ல் கேட்பது எப்படி?

சினிமாவுக்காக 5.1 ஸ்பீக்கர் செட் (ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர்) வாங்கியவர்களில் பலர், பாட்டு என்று வந்தால் ஸ்டீரியோவோடு நிறுத்திவிடுகிறார்கள். 1970-களின் ராக் ஆல்பங்கள் பலவற்றை 5.1-க்கென்றே மறுபடி கலந்து வெளியிட்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்து டிஸ்க் வாங்கிய பிறகும் ஒரு மாதம் தப்பாகவே கேட்டேன். அந்தக் கதை கீழே வரும்.

முதலில், ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு. ரீமாஸ்டர் என்றால் ஏற்கெனவே கலந்து முடித்த ஸ்டீரியோ டேப்பை மெருகேற்றுவது. ரீமிக்ஸுக்கு டிரம்ஸ், பாஸ், கிட்டார், குரல் எல்லாம் தனித்தனியாகப் பதிந்திருக்கும் மல்டிட்ராக் டேப்புக்கே திரும்பிப் போக வேண்டும். அதனால்தான் ஒரு கிட்டாரை மட்டும் தூக்கிப் பின்னால் வைக்க முடிகிறது. ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் பெட்டியில், ஸ்டீரியோவை எல்லா ஸ்பீக்கரிலும் பரப்பும் பட்டன் ஒன்று இருக்கும்; அதனால் இது ஆகாது.

1. டிஸ்க்

எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி), டிவிடி-ஆடியோ, ப்ளூ-ரே என மூன்று வகை உண்டு. புதிதாகத் தொடங்குபவருக்கு ப்ளூ-ரேதான் வசதி, சாதாரண ப்ளூ-ரே பிளேயரே போதும். மற்ற இரண்டுக்கும் அவற்றை ஏற்கும் பிளேயர் வேண்டும். சாதாரண சிடி அடுக்கும் சேர்ந்த ஹைப்ரிட் எஸ்ஏசிடியை வெறும் சிடி பிளேயரில் போட்டால் பாடும், ஆனால் ஸ்டீரியோ மட்டும்தான்.

எதில் தொடங்கலாம்? பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) என்பேன். ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி செய்த 5.1 கலவை 2003-ல் எஸ்ஏசிடியாக வந்தது, பிறகு ப்ளூ-ரேயிலும் கிடைத்தது. 'மனி' பாட்டின் கல்லாப்பெட்டிச் சத்தம் உங்களைச் சுற்றி வரும்போது விஷயம் புரிந்துவிடும். அப்புறம் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் கலந்தவை: ஜெத்ரோ டல்லின் 'அக்வாலங்' (2011), யெஸ்ஸின் 'குளோஸ் டு தி எட்ஜ்' (2013). வித்தை காட்டாத கை அவருடையது.

2. ஸ்பீக்கர் வைக்கும் இடம்

பின் ஸ்பீக்கர் என்று பெயரே தவிர, முதுகுக்கு நேர் பின்னால் வைக்கக் கூடாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, நேர் எதிரே இருப்பது சென்டர் ஸ்பீக்கர். அதிலிருந்து முன் ஸ்பீக்கர்கள் இருபுறமும் 30 டிகிரி, பின் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 டிகிரிக்குள். அதாவது காதுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி. எல்லாம் ஒரே தூரத்தில் அமையாவிட்டால் டேப்பால் அளந்து ரிசீவரில் பதியுங்கள். ஒரு மீட்டர் வித்தியாசம் என்றால் ஒலி ஏறக்குறைய 3 மில்லி விநாடி முன்பின் ஆகும்.

3. கேபிள்

நான் கோட்டைவிட்டது இங்கேதான். டிஸ்க் அட்டையில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று, அதாவது சிடியைவிட உயர்ந்த தரம் என்று, போட்டிருந்தது. பிளேயரையும் ரிசீவரையும் கையில் கிடைத்த ஆப்டிக்கல் கேபிளால் இணைத்தேன். ஐந்து ஸ்பீக்கரும் பாடின, நானும் பூரித்துப்போனேன். ஒரு நாள் தற்செயலாக ரிசீவரின் சின்னத் திரையைப் பார்த்தால் 'டிடிஎஸ் 48' என்று இருந்தது. ஆப்டிக்கல் கேபிளில் டால்பி, டிடிஎஸ் என்ற சுருக்கப்பட்ட ஒலி வடிவங்கள் மட்டுமே 5.1-ஆகப் போகும், முழுத் தரம் போகாது. எச்டிஎம்ஐக்கு மாற்றியதும் 96 வந்தது. ஆகவே, காதை நம்புவதற்கு முன் அந்தத் திரையைப் பாருங்கள்.

எச்டிஎம்ஐ போட்டும் இரண்டே ஸ்பீக்கர் பாடினால் பயப்பட வேண்டாம். பல டிஸ்க்குகள் ஸ்டீரியோவில்தான் தொடங்கும். டிவியைப் போட்டு மெனுவில் 5.1-ஐத் தேர்ந்தெடுங்கள்.

4. ஒலி அளவு

ரிசீவரின் டெஸ்ட் டோனை ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் ஐந்தும் ஒரே சத்தமாகக் கேட்கும்படி சரிசெய்யுங்கள். சினிமாவுக்காகப் பின் ஸ்பீக்கரை ஏற்றி வைத்திருப்பவர்கள் உண்டு. பாட்டில் அது உறுத்தும், பாடகரை விட்டுவிட்டு டாம்பரின் மட்டும் காதில் குத்தும். சின்ன ஸ்பீக்கர் என்றால் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், அதற்குக் கீழே உள்ளதை சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும்.

5. கேட்பது

நடுவில் உட்காருங்கள். சோபா ஓரம் வேண்டாம், பக்கத்தில் இருக்கும் பின் ஸ்பீக்கர் மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். ஒரு முறை முழு ஆல்பத்தையும் சும்மா கேளுங்கள். இரண்டாம் முறை, ரிசீவரை அணைத்து, முன் ஸ்பீக்கர்கள் மூன்றின் வயரையும் கழற்றிவிட்டு, பின்னால் இருப்பதை மட்டும் கேளுங்கள். என்னிடம் உள்ள ஒரு டிஸ்க்கில் இப்படிக் கேட்டபோது, துணைக்குரல் பாடுபவர் வரியைத் தொடங்குமுன் மூச்சை இழுப்பது இடது பக்கம் தெளிவாகக் கேட்டது. இருபது வருடமாகக் கேட்ட பாட்டு அது.