கல்லூரி ஃபுட்பால் சீசனை எப்படித் தொடர்வது: ஓஹையோ ஸ்டேட் 2024-ஐ வைத்து ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் பந்தையே பார்க்கிறார்கள். கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண், வேறெங்கே போகும்? ஆனால் ஒரு அணியின் சீசன் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய வேண்டுமானால், பந்தை வாங்கி எறிகிற குவாட்டர்பேக்குக்கு முன்னால் குனிந்து நிற்கிற ஐந்து பேரைப் பாருங்கள். அந்த ஐந்து பேரைத்தான் லைன் என்கிறார்கள். இதைப் பழக ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் 2024 சீசனை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது, முழு ஆட்டங்களும் சுருக்கங்களும் இணையத்தில் கிடைக்கும்.

விதிகளை முழுக்கப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்றில்லை. நான்கு வாய்ப்புகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். டச்டவுனுக்கு 6 புள்ளி, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தனுப்பும் ஃபீல்ட் கோலுக்கு 3. இது போதும், மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்க வந்துவிடும்.

முதல் வேலை, அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு எந்த ஆட்டம் கனமானது, எது லேசானது என்று பிரித்துக்கொள்வது. வழக்கமான சீசனில் பன்னிரண்டே ஆட்டங்கள், அதனால் ஒரு தோல்விகூடப் பெரிய அடி. ஓஹையோ ஸ்டேட் முதல் ஆட்டத்தில் ஆக்ரனை 52-6, அடுத்து வெஸ்டர்ன் மிச்சிகனை 56-0 என்று அடித்தது. இப்படிப்பட்ட ஸ்கோரைப் பார்த்து அணியை எடை போடாதீர்கள். புதிதாக யார் வந்திருக்கிறார்கள் என்று முகம் பழகிக்கொள்ளத்தான் இந்த ஆட்டங்கள். அந்த வருஷம் குவாட்டர்பேக் வில் ஹவர்ட் கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து வந்தவர், சேஃப்டி (பின்வரிசைத் தடுப்பாளர்) கேலப் டவுன்ஸும் சென்டர் (லைனின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுப்பவர்) செத் மெக்லாஃப்லினும் அலபாமாவிலிருந்து வந்தவர்கள். கல்லூரி அணி வருஷா வருஷம் மாறிவிடும், அதனால் போன வருஷக் கணக்கை அப்படியே கொண்டுவந்து போடக் கூடாது.

அப்புறம் அக்டோபர் 12, யூஜீன் நகரில் ஆரிகன் ஆட்டம். 32-31 என்று தோற்றார்கள். கடைசி நொடிகளில் ஆரிகன் களத்தில் பதினொரு பேருக்குப் பதில் பன்னிரண்டு பேரை நிறுத்தியதும், அதற்கான தண்டனை ஐந்து யார்டுதான், ஓடிப்போன நொடிகள் திரும்பக் கிடைக்காது என்பதால் ஓஹையோ ஸ்டேட் நேரத்தை இழந்ததும், அடுத்த சில நாட்களில் அந்த விதிக்கே புது விளக்கம் வந்ததும்தான் எல்லோர் வாயிலும் இருந்தது. ஆனால் அந்த ஆட்டத்தின் பெரிய சேதம் அதுவல்ல. லைனின் இடது ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் முழங்கால் காயத்தோடு வெளியேறினார், அந்த சீசனுக்குத் திரும்பவே இல்லை. வலது கைக்காரக் குவாட்டர்பேக்கின் முதுகுப் பக்கத்தைக் காப்பவர் லெஃப்ட் டாக்கிள்தான், அந்த இடம் ஓட்டையானால் எறிபவருக்கு நிம்மதி போய்விடும்.

அடுத்த ஆட்டத்திலேயே விளைவு தெரிந்தது. சொந்த மைதானத்தில், பெரிதாகப் பேசப்படாத நெப்ராஸ்காவை 21-17 என்றுதான் தாண்ட முடிந்தது. சிம்மன்ஸ் இடத்தில் வந்தவரும் அந்த ஆட்டத்தில் காயப்பட, சென்டருக்குப் பக்கத்தில் கார்டாக ஆடிக்கொண்டிருந்த டானவன் ஜாக்சனை டாக்கிளுக்கு நகர்த்தினார்கள். நவம்பர் 2-ஆம் தேதி பென் ஸ்டேட் ஆட்டத்தின் கடைசிப் பகுதியைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். பென் ஸ்டேட் கோல் கோட்டுக்கு மூன்று யார்டில் நான்கு முறை முட்டியும் உள்ளே வர முடியவில்லை. பந்து கைமாறியதும் ஓஹையோ ஸ்டேட் எறியவே இல்லை, மீதி ஐந்து நிமிடத்தையும் ஓடி ஓடியே கரைத்தது, 20-13. எதிரிக்கும் தெரியும் ஓடத்தான் போகிறார்கள் என்று, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. ஒட்டுப்போட்ட லைன் நின்றுவிட்டது என்பதற்கு இதற்கு மேல் அத்தாட்சி வேண்டாம். அதன் பிறகும் சோதனை விடவில்லை, இண்டியானா ஆட்டத்துக்கு முந்திய பயிற்சியில் சென்டர் மெக்லாஃப்லினின் குதிகால் நாண் கிழிந்தது.

நவம்பர் 30, மிச்சிகன் ஆட்டம். இதை இன்னொரு ஆட்டமாக நினைக்கவே கூடாது. ஓஹையோ ஸ்டேட்காரர்களைப் பொறுத்தவரை வருஷமே இந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தான், அதற்கு முந்தைய மூன்று முறையும் தோற்றவர்கள் வேறு. மிச்சிகன் அந்த வருஷம் 6 வெற்றி, 5 தோல்வி என்று தடுமாறிக்கொண்டிருந்த அணி. ஆனால் அதன் பலம் தடுப்பு வரிசையின் நடுவில் இருந்தது, மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்று இரண்டு மலைகள். ஓஹையோ ஸ்டேட்டிடம் ஜெரமையா ஸ்மித், எமேகா எக்புகா போன்ற பந்து பிடிப்பவர்கள் இருந்தும் அந்த மலைகள் மீதே திரும்பத் திரும்ப ஓடினார்கள். 13-10, தோல்வி. என் கருத்தில் இது ஆட்டக்காரர்களின் தோல்வி இல்லை, திட்டத்தின் தோல்வி. பயிற்சியாளர் ரயன் டேயை நீக்கு என்று குரல்கள் எழுந்தன.

இங்கேதான் பலரும் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தாதீர்கள். அந்த வருஷம்தான் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்று முதல்முறையாகப் பன்னிரண்டு அணிகளோடு நடந்தது, இரண்டு தோல்வியோடும் எட்டாவது இடத்தில் உள்ளே வர முடிந்தது. மூன்று வார இடைவெளி. டென்னசிக்கு எதிராக முதலிலிருந்தே எறிந்தார்கள், முதல் கால் பகுதியிலேயே 21-0, கடைசியில் 42-17. பிறகு ரோஸ் போலில், முன்பு தோற்கடித்த அதே ஆரிகனை 41-21. டெக்சஸுடனான அரையிறுதியில் 28-14, அதில் தடுப்பாட்டக்காரர் ஜாக் சாயர் எதிரணிக் குவாட்டர்பேக்கின் பந்தைத் தட்டிப் பறித்து 83 யார்டு ஓடியதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 2025 ஜனவரி 20, அட்லாண்டாவில் நோட்ர டாமை 34-23 வென்று சாம்பியன்.

நீங்கள் ஒரு அணியைத் தேர்ந்தெடுத்ததும் இதையே செய்யுங்கள். லைனில் நிற்கும் ஐந்து பேரின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், யாராவது காயப்பட்டால் அடுத்த ஆட்டத்தில் அந்த இடத்தில் யார் நிற்கிறார் என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு டவுனிலும் முதல் இரண்டு நொடிகள் பந்தை விட்டுவிட்டு அவர்கள் கால்களைக் கவனியுங்கள், பின்னால் தள்ளப்படுகிறார்களா, முன்னால் தள்ளுகிறார்களா என்று. பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்துப் போடும் கருத்துக்கணிப்புத் தரவரிசையை அக்டோபர் வரை பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பிளேஆஃப் குழுவின் பட்டியல் நவம்பர் வாக்கில்தான் வர ஆரம்பிக்கும், உள்ளே யார் என்பதை முடிவு செய்வது அதுதான்.

இந்தியாவிலிருந்து நேரலையில் பார்ப்பவர்களுக்கு: அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி சனிக்கிழமை நண்பகல் ஆட்டம் என்றால் நமக்கு அன்று இரவு 9.30. இரவு 7.30 ஆட்டம் என்றால் ஞாயிறு விடியற்காலை 5 மணி. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், அதன் பிறகு இரண்டுக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மிச்சிகன் ஆட்டம் பெரும்பாலும் நண்பகலில்தான் வைப்பார்கள், அதாவது நமக்கு இரவு 10.30.