எல்லாத்துக்கும் ‘சூடு’ன்னு சொல்லி முடிச்சிடாதீங்க: சீன மருத்துவம் புரிஞ்சுக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

மே மாசம் சென்னையில யாருக்காவது வாய்ப்புண் வந்தா, வீட்ல பாட்டி சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், உடம்பு சூடு, இளநீர் குடி, எண்ணெய் தேய்ச்சுக் குளி. இப்படி வளர்ந்த நமக்கு சீன மருத்துவம் ஈஸியா புரியும்னுதான் நானும் நெனச்சு ஆரம்பிச்சேன். பாதி புரிஞ்சுது, மீதி பாதி நம்ம பழக்கமே குழப்பிவிட்டுச்சு.

முதல்ல யின், யாங், எதையும் ஒப்பிட்டுப் பாக்குற எதிரெதிர் ஜோடி. இதை ஆண் பெண், நல்லது கெட்டதுன்னு மனப்பாடம் பண்ணாதீங்க. யின்னா மலையோட நிழல் பக்கம், யாங்னா வெயில் பக்கம், அந்த எழுத்துங்களோட பழைய அர்த்தமே அதுதான். காலையில பரங்கிமலையோட கிழக்குப் பக்கம் வெயில் அடிக்கும், சாயங்காலம் அதே பக்கம் நிழலாயிடும், மலை என்னவோ நகரல. அதனால எதையும் தனியா காட்டி இது யின்னு சொல்ல முடியாது, எதோட ஒப்பிடுறோம், எந்த நேரத்துல பாக்குறோம்னு கேட்டுட்டுதான் சொல்லணும்.

அடுத்து ‘ச்சி’, உடம்புல ஓடுற உயிர்சக்தின்னு அவங்க சொல்றது. ஆமா, நம்மூர் ச்சீ போ மாதிரிதான் கேக்கும், சிரிச்சுட்டு வாங்க. பழைய சீன எழுத்துல அதுல ஆவியும் அரிசியும் சேர்ந்து இருக்கும், சாதம் வடிக்கும்போது எழும்புற ஆவியை நெனச்சுக்கிட்டா போதும். உடம்புல அது ஓடுற பாதைங்கதான் மெரிடியன், முக்கியமானது 12. அறுத்துப் பார்த்தா நரம்பு, ரத்தக்குழாய் மாதிரி அப்படி ஒரு பாதை கிடைக்காது, அதனால இதை ஒரு மேப்னு எடுத்துக்கோங்க, உடற்கூறு படம்னு எடுத்துக்காதீங்க. உறுப்புங்களும் அப்படித்தான். அவங்க மண்ணீரல்னு சொன்னா ஜீரணத்தையே பாத்துக்கிற ஒரு டிபார்ட்மென்ட், ஸ்கேன்ல தெரியுற மண்ணீரல் இல்ல.

இப்ப நான் மாட்டுன இடம். அஞ்சு தத்துவம்னு படிச்சதும் ஆஹா பஞ்சபூதம்னு நோட்டுல ஜோடி போட்டேன், நிலம் நீர் நெருப்பு சரியா உக்காந்துச்சு, காத்துக்கும் ஆகாயத்துக்கும் எதிர்ல மரமும் உலோகமும் நிக்குது! ரெண்டு நாள் மண்டை காஞ்சுது. அவங்களோட அஞ்சு, உடம்பு எதால ஆனதுங்கிற கணக்கே இல்ல, ஒண்ணு இன்னொண்ணை வளக்குற, அடக்குற உறவு. மரம் எரிஞ்சு நெருப்பு, நெருப்பு சாம்பலாகி மண்ணு, மண்ணுலேர்ந்து உலோகம், உலோகத்துல நீர் பூக்கும் (ஐஸ் தண்ணி ஊத்தின எவர்சில்வர் டம்ளர் வேர்க்குதே அது மாதிரி), நீர் மரத்தை வளக்கும். அடக்குறதுன்னா மரம் மண்ணைப் பிளக்கும், மண்ணு நீருக்குக் கரை கட்டும், நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும். கல்லீரல் மரம், இதயம் நெருப்பு, மண்ணீரல் மண்ணு (நம்ம பேர்லயே மண்ணு இருக்கு பாருங்க), நுரையீரல் உலோகம், சிறுநீரகம் நீர். கோவம் கல்லீரலோட சங்கதி, அது மிஞ்சினா மரம் மண்ணை அமுக்கும், அதனாலதான் சண்டை போட்டுட்டு உக்காந்தா சோறு இறங்கலைங்கிறது இவங்க கணக்கு.

திரும்ப வாய்ப்புண்ணுக்கு வருவோம், விஷயமே இங்கதான் இருக்கு. நாம சூடுன்னு சொல்றதை அவங்க ரெண்டா பிரிப்பாங்க. குக்கர்ல தீ அதிகமானாலும் அடிபிடிக்கும், உள்ள தண்ணி கம்மியானாலும் அடிபிடிக்கும் இல்ல? தீ அதிகம்னா ஜில்லுனு குடிக்கத் தோணும், நாக்கு சிவந்து மேல மஞ்சப் படிவு இருக்கும். தண்ணி கம்மின்னா, அதாவது உடம்பைக் குளிர்ச்சியா வச்சுக்கிற யின் குறைஞ்சா, ராத்திரி வேர்க்கும், உள்ளங்கை உள்ளங்கால் எரியும், நாக்கு சிவப்பா இருந்தாலும் படிவு இருக்காது. முதல் ஆளுக்குத் தீயைக் குறைக்கணும், ரெண்டாவது ஆளுக்குத் தண்ணி சேக்கணும், ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து தர மாட்டாங்க.

இதைப் பழக ஒரு வாரம் நாக்கைப் பாருங்க. காலையில ஜன்னல் வெளிச்சத்துல, காபிக்கு முன்னாடி, முக்கியமா நாக்கு வழிக்கிறதுக்கு முன்னாடி, ஏன்னா நாம வழிச்சு எடுத்துடுறதைத்தான் அவங்க படிக்கிறாங்க. நுனி இதயம், நடு ஜீரணம், ஓரம் கல்லீரல், தொண்டைப் பக்கம் சிறுநீரகம்னு பிரிச்சு, நிறம், படிவு, ஈரம்னு நோட்டுல எழுதுங்க. நாடி பாக்குறதை இப்போதைக்கு விட்டுடுங்க, ஒரு மணிக்கட்டுல மூணு இடம், வருஷக்கணக்குல கை பழகணும்.

இது புரிஞ்சுக்கத்தான், நீங்களே வைத்தியம் பாக்க இல்ல. நெஞ்சு வலின்னா உடம்புல அழுத்துற பாயிண்ட் தேடாம 108க்கு போன் போடுங்க. மூலிகைன்னா சேஃப்னும் நம்பாதீங்க, அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிற சில சீன மூலிகைங்க சிறுநீரகத்தையே கெடுத்துருக்கு. அதே மரபுலேர்ந்துதான் மலேரியாவுக்கு ஆர்டிமிசினின்கிற மருந்து வந்துச்சு, அதைக் கண்டுபிடிச்ச சீன விஞ்ஞானி து யூயூவுக்கு 2015ல நோபல் கிடைச்சுது, ஆனா அது லேப்ல பிரிச்செடுத்து, டெஸ்ட் பண்ணி நிரூபிச்ச பிறகு. அக்குபங்சர் ஊசி குத்திக்கப் போறீங்கன்னா, புது பாக்கெட்டை உங்க கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க, மூஞ்சி சுளிச்சா எழுந்து வந்துடுங்க.